குழம்பில் கிடந்த மாவு

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று மாலை ஏழேகாலுக்கு, முப்பத்தொன்பது வருடங்களாக இருந்துவந்த ஒழுங்கை மாற்றி, தினசரிக் குடிச்சுற்றில் மூன்றாவது ஒயின் கடைக்கு முன்பே நான்காவது கடைக்குப் போவது என்று எங்கள் நண்பர் ஜமா தீர்மானித்தது. பின்னால் யாராவது டொனோஸ்தியா நகரத்தின் வரலாற்றை எழுதினால் தேதியில் குழப்பம் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் குறித்து வைக்கிறேன். காரணம், பெருவிழா வாரம். மூன்றாவது கடை வாசலை அடைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் நெத்திலி மீனைப் படம் பிடிக்கிறார்கள். மீனும் பொறுமையாக இருக்கிறது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நிறைவேறிய விதம்:

"கடையை மாத்திக்கலாமாடா?" என்று அன்செல்மோ என்னைக் கேட்டான்.

"எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அவன்கிட்ட சொல்லு."

அன்செல்மோ கழுத்தை வலப்பக்கம் திருப்பினான். "ஆட்சேபணை இல்லையாம்."

"அவன் சம்மதத்துக்காக இங்க யாரும் காத்துக் கிடக்கலைன்னு சொல்லு" என்றான் கஷியானோ.

அன்செல்மோ என் பக்கம் திரும்பினான். "ரொம்ப சந்தோஷமாம்."

கஷியானோ என்னிடமிருந்து ஒன்றரை முழ தூரத்தில் நின்றிருந்தான். பதினோரு வருடங்களாக அந்த ஒன்றரை முழத்தில்தான் அன்செல்மோ வசிக்கிறான்.

ஆகஸ்ட் 15

வாணவேடிக்கை. இந்த ஊரில் கையில் ஐஸ்கிரீம் இல்லாமல் வாணவேடிக்கை பார்ப்பவன் உளவாளியாகத்தான் இருக்க வேண்டும். கடற்கரைச் சுவரோரம் மூவரும் நின்றோம். கஷியானோ எலுமிச்சை, நான் பாதாம், அன்செல்மோ இரண்டும் கலந்து. பெரிய வெடி ஒன்றுக்கு ஊரே 'ஓ' என்றது. நானும் சொன்னேன். கஷியானோவும் சொன்னான். ஒரே விஷயத்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது இந்த வருடத்தில் இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 18

விழா முடிந்தது. தெருவைக் கழுவுகிறார்கள். ஞாயிறு மாலை ஜமாவுக்கு விடுமுறை. மாடி வீட்டில் ஒரு வாரம் வாடகைக்கு இருந்தவர்கள் சக்கரப் பெட்டியை ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு இறங்கினார்கள். என் கதவைத் தாண்டும்போது ஏதோ ஒரு மொழியில் விடைபெற்றார்கள். இன்று என்னிடம் பேசியவர்கள் அவர்கள்தான்.

செப்டம்பர் 3

இரண்டாவது கடை நெகானேயுடையது. அவள் இரண்டாவது கணவர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்பவர். இன்று எங்கள் காதுபடவே கேட்டார்: "இவங்க ரெண்டு பேரும் ஏன் பேசிக்கறதில்லை?"

"குழம்பு" என்றாள் நெகானே, கிளாஸைத் துடைத்தபடி.

அவருக்குப் புரியவில்லை. எழுதி வைக்கிறேன், எனக்காவது ஒழுங்காகப் புரியட்டும்.

ஒன்பது பேர் நாங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த ஜமா. இங்கே மனைவியை மாற்றலாம், கட்சியை மாற்றலாம், கடவுளைக்கூடக் கைவிடலாம். ஜமாவை மாற்ற முடியாது. மூன்று பேர் செத்துவிட்டார்கள். ஒருவன் மகனோடு சிலிக்குப் போய்விட்டான். ஒருவனைக் குடிக்கக் கூடாது என்று டாக்டர் வீட்டில் உட்கார வைத்துவிட்டார். ஒருவன் மனைவியின் சிநேகிதர்கள் ஜமாவில் சேர்ந்துகொண்டான்; செத்தவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவனைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. மிச்சம் மூன்று.

கஷியானோ எங்கள் சமையல்காரன். பிழைப்புக்கு அல்ல, பிழைப்புக்கு அவன் பூட்டுக் கடை வைத்திருந்தான். சமையல் எங்கள் சங்கத்தில். உறுப்பினர்கள் தாங்களே அடுப்பு மூட்டி, தாங்களே சமைத்து, தாங்களே குறை சொல்லிச் சாப்பிடும் இடம். அவனுடைய பில்-பில்லுக்கு அடுத்த மேசைக்காரர்கள் ரொட்டியோடு வந்து நிற்பார்கள். உப்புப் போட்ட காட் மீனை ஆலிவ் எண்ணெயில் வைத்து, சட்டியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மீனின் பசையே எண்ணெயை இறுக்கிக் குழம்பாக்கும். வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. மாவு சேர்த்து இறுக்குகிறவனை இந்த ஊரில் வாக்குப்பெட்டியை மாற்றியவனைப் போலப் பார்ப்பார்கள்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஓர் இரவு, என் தட்டில் ஒரு கட்டி கிடந்தது. பட்டாணி அளவு. மாவு.

நாற்பது வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் நான். என் கண்ணில் படாமல் போகுமா? சங்கத்தின் கருத்துப் புத்தகத்தை எடுத்து அங்கேயே எழுதினேன்:

'இன்றிரவு நண்பர் கஷியானோ பில்-பில் சமைக்கவில்லை. ரொட்டி சுட்டார். அதில் ஒரு மீன் தவறி விழுந்துவிட்டது. மீனின் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்.'

யாரோ சத்தமாகப் படித்தார்கள். நாற்பது பேர் சிரித்தார்கள். கஷியானோ "நான் போடலை" என்றான். மறுபடி சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் அங்கே அடுப்பு மூட்டியதில்லை. ஒவ்வொரு ஜனவரி விருந்திலும் யாராவது எழுந்து அந்த நான்கு வரியை ஒப்பிப்பார்கள். என் முதுகில் தட்டுவார்கள். சங்கத்தில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிவதே அதனால்தான்.

செப்டம்பர் 8

படகுப் போட்டியின் இரண்டாவது ஞாயிறு. துறைமுகச் சுவர் மேல், எங்கள் வழக்கமான இடத்தில். பதின்மூன்று துடுப்பு, பின்னால் நின்று கத்துகிற ஒருவன். படகு மிதவையைச் சுற்றித் திரும்பும் நேரத்தில், அதாவது யாரும் யாரையும் கேட்காத நேரத்தில், அன்செல்மோ சொன்னான்:

"நான் அலிகான்டேக்குப் போறேன். மகள் வீட்டுக்கு. நெஞ்சுக்கு ஈரக்காத்து ஆகாதாம்."

"எத்தனை நாள்?" என்றேன்.

"சாகறவரைக்கும். அது எத்தனை நாள்னு டாக்டர் சொல்லலை."

கஷியானோ கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அங்க யாரோட குடிப்பே?" என்றான்.

"அங்க கடையில உக்காந்து குடிக்கறாங்கடா. நாற்காலி போட்டு."

படகுகள் கரை சேர்ந்ததை மூவரும் கவனிக்கவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று நாளைப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்டோபர் 5

பஸ் ஏற்றிவிட்டோம். அன்செல்மோ என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு அவனை. "ரெண்டு கழுதைகளும் ஒழுங்கா இருங்க" என்றான். பஸ் போன பிறகு நானும் கஷியானோவும் நிலையத்தில் நின்றோம். இருவருக்கும் ஒரே வழி. அவன் பாலத்தின் இடப்பக்க நடைபாதையில் போனான், நான் வலப்பக்கம்.

அக்டோபர் 7

ஏழு மணி. முதல் கடை. அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். அதே ஒன்றரை முழத்தில் நின்றான், நடுவில் ஆளில்லை. ஒரு சுற்று அவன் சொன்னான், கடைக்காரரிடம். மறு சுற்று நான். நான்கு கடையும் முடிய ஒன்பது மணி. இதற்கு முன்பும் அவன் என்னிடம் பேசியதில்லை. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது.

அக்டோபர் 9

நெகானே கடையில் நிற்கும்போது கஷியானோ கைப்பேசியை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்து, பையில் போட்டான். இரண்டு நிமிடத்தில் என் கைப்பேசி அடித்தது.

"அன்செல்மோ பேசறேன். நாளைக்கு அவனுக்குப் பல் டாக்டர். அரை மணி லேட்டா வருவானாம்."

"சரின்னு சொல்லிடு."

பக்கத்தில் கைப்பேசி அடித்தது. கஷியானோ எடுத்தான், "ம்" என்றான், வைத்தான்.

எண்ணூறு கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்பியது என் 'சரி'. நெகானே எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஆலிவ் தட்டை நடுவில் வைத்துவிட்டு, "உங்களை ஒரு கூண்டுல வச்சுக் காட்டினா ஊருக்கு வருமானம்யா" என்றாள்.

அக்டோபர் 30

மழை.

நவம்பர் 2

மழை. கல்லறைக்குப் போய், செத்துப்போன எங்கள் மூவருக்கும் பூ வைத்தேன். ஏற்கெனவே பூ இருந்தது. கஷியானோ காலையிலேயே வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

நவம்பர் 17

பந்தாட்டம். வெறுங்கையால் சுவரில் பந்தை அறைகிற இருவர், சிவப்பு இடுப்புத்துணி ஒருவன், நீலம் ஒருவன். கஷியானோ நீலத்தின் பக்கம். ஆகவே நான் சிவப்பு. பக்கத்துப் பக்கத்து இருக்கைகள், வருடச் சந்தா, தப்பிக்க முடியாது. பதினேழு புள்ளியில் நீலக்காரன் நின்று உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். வீங்கி, ரொட்டி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகும் ஐந்து புள்ளி ஆடினான். அவன் அடித்த ஒவ்வொரு அடிக்கும் கஷியானோ தன் கையை மடியில் மூடிக்கொண்டான். சிவப்பு ஜெயித்தது. என் மகிழ்ச்சியை யாரிடம் சொல்வது? அன்செல்மோவுக்கு ஃபோன் செய்தேன். அவன் பேரன் எடுத்து, தாத்தா தூங்குகிறார் என்றான்.

டிசம்பர் 5

மகள் வீட்டில் அன்செல்மோவுக்கு என்ன குறை என்று தெரியவில்லை, இப்போதெல்லாம் செய்தி கொண்டுபோகும்போது அலுத்துக்கொள்கிறான். "அவன் ரெண்டடி தள்ளித்தானே நிக்கறான், நீயே சொல்லேன்டா" என்கிறான். வேலைநிறுத்தத்துக்கு முன்னால் தபால்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

டிசம்பர் 21

புனித தோமா சந்தை. ஊரே குடியானவன் வேஷம் போட்டுக்கொண்டு ஆப்பிள் மது குடிக்கும் நாள். சோள ரொட்டியில் சுருட்டிய காரத் தொத்திறைச்சிக்கு நான் வரிசையில் நின்றேன். எனக்கு நான்கு ஆள் முன்னால் கஷியானோ. கைப்பேசி அடித்தது.

"பிஷெந்தே, தனியா இருக்கியா?" என்றான் அன்செல்மோ.

"ஒரு லட்சம் பேரோட தனியா இருக்கேன். சொல்லு."

"மாவு போட்டது நான்தாண்டா."

முதலில் எனக்கு எந்த மாவு என்றே புரியவில்லை. சத்தியமாக. பிறகு புரிந்தது.

அன்றிரவு கஷியானோ ஒயின் எடுக்க நிலவறைக்குப் போயிருக்கிறான். சட்டியை ஆட்டிக்கொண்டிரு என்று இவன் கையில் கொடுத்துவிட்டு. அந்த நேரம் பார்த்துக் கூடத்து டிவியில் எங்கள் அணிக்குப் பெனால்டி. இவன் சட்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்தால் எண்ணெய் தனி, மீன் தனி. பயந்துபோய் ஒரு கரண்டி மாவைத் தூவிக் கலக்கிவிட்டான்.

"பெனால்டி உள்ள போச்சா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன்?

"வெளிய அடிச்சான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா, பாவி."

"நீ எழுதினதைப் படிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். சிரிச்சப்புறம் எப்படிச் சொல்றது?" மூச்சு வாங்கினான். "இனிமே நான் செய்தி கொண்டுபோக மாட்டேன். இதை அவன்கிட்ட நீதான் சொல்லணும். எழுதினவன் நீதானே."

வைத்துவிட்டான். வரிசை நகர்ந்தது. கஷியானோ ரொட்டியை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். நான் வாயைத் திறந்தேன். பின்னால் நின்றவள், "பெரியவரே, நகருங்க, கொட்டாவி விடறதுக்கா வரிசையில நிக்கறீங்க?" என்றாள்.

டிசம்பர் 23

ஏழு மணிக்குச் சொல்வது என்று வீட்டிலிருந்து கிளம்பினேன். முதல் கடையில் கூட்டம். இரண்டாவதில் நெகானே காது. மூன்றாவதில் சொல்லியிருக்கலாம். நான்காவதில் அவன் மேல்கோட்டை மாட்டிக்கொண்டான்.

டிசம்பர் 24

சூப் வைத்தேன். இரண்டு பேருக்கு ஆகிவிட்டது. இரவுக்கும் அதுவே.

டிசம்பர் 31

பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு திராட்சை, மணியின் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. ஏழாவதில் மணி முடிந்துவிட்டது. மிச்ச ஐந்தையும் நிதானமாகத் தின்றேன், யாரும் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கம் மட்டும் அல்ல தடை. அந்த நான்கு வரி போய்விட்டால் சங்கத்தில் நான் யார்? கதவோரம் கோட்டு மாட்டுகிற ஆணி. அப்படித்தான் இருப்பேன். அதற்காக ஒருத்தன் பதினோரு வருடம் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்தான். நல்ல கைப்பக்குவம் அவனுக்கு. அதை நான்தான் — ஒரு நகைச்சுவைக்காக.

ஜனவரி 4

வாயால் சொல்ல வரவில்லை. எழுதிக் கெடுத்தது, எழுதித்தான் திருத்த வேண்டும். முதல் வரைவில் மீனின் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். கிழித்தேன். இரண்டாவதில் மாவு சாட்சிக் கூண்டில் ஏறியது. அதுவும் போயிற்று. பிழை திருத்தத் தெரிந்தவனுக்குத் தன் பிழையை எழுதத் தெரியவில்லை என்றொரு வாக்கியம் வந்தது. நன்றாக இருந்ததால் அதையும் அடித்தேன்.

ஜனவரி 8

ஆறாவது வரைவு. காலையில் சங்கத்தில் யாரும் இல்லாதபோது போய்ப் புத்தகத்தில் எழுதினேன்.

'பதினோரு வருடங்களுக்கு முன் இதே புத்தகத்தில் கஷியானோவைப் பற்றி நான் எழுதியது பொய். அவன் மாவு போடவில்லை. விசாரிக்காமல் எழுதினேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிஷெந்தே.'

அன்செல்மோ பெயரைப் போடவில்லை. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். 

ஜனவரி 10

எல்லோரும் படித்துவிட்டார்கள். யாரும் என் முதுகில் தட்டவில்லை. செயலர் உர்கோ மட்டும், "இந்த வருஷம் விருந்துல அதை ஒப்பிக்க முடியாதே, வேற ஏதாவது எழுதித் தர்றியா?" என்றான். கஷியானோ படித்தானா? மாலை வந்தான், நின்றான், போனான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூட்டு விற்றவன் முகம்.

ஜனவரி 14

ஜனவரி விருந்துக்கு உர்கோ ஜமாவின் மேசைக்குச் சமைக்கிறானாம் கஷியானோ. அவர்கள் பதினோரு பேர், ஐம்பது வயதுப் 'பையன்கள்'. உர்கோதான் கேட்டிருக்கிறான். நெகானே சொல்லித் தெரியும். "உனக்குத் தெரியாதாய்யா? ஊருக்கே தெரியும்" என்றாள்.

ஜனவரி 19

முரசு விழாவின் முந்தைய இரவு. சங்கத்தில் ஒன்பது மேசை. எங்கள் மேசைக்கு ஒரே ஆள் என்பதால் சமையலறைக் கதவோரம் எனக்கு இடம் ஒதுக்கினார்கள், பரிமாறுபவர்கள் இடிக்காத மாதிரி. அங்கிருந்து கஷியானோவின் முதுகு தெரிந்தது. இருபத்தைந்து நிமிடம் சட்டியை ஆட்டினான். யாரிடமும் கொடுக்கவில்லை. சட்டி மேசைக்குப் போனபோது கைதட்டினார்கள்.

ஒரு தட்டு எனக்கும் வந்தது. யார் கொடுத்தனுப்பினது என்று கேட்கவில்லை. கட்டி இல்லை.

ஜனவரி 20

முரசு ஊர்வலத்தில் எங்கள் சங்கத்துக்கு முறை பகல் பன்னிரண்டு. எல்லோரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, இடுப்பில் மரப் பீப்பாய், கையில் இரண்டு குச்சி. வழக்கம்போல் கடைசி வரிசையில் நானும் அவனும். மீன் சந்தை முனையில் முன்னால் போன கூட்டம் நகராததால் எங்களை நிறுத்தினார்கள்.

"பிஷெந்தே."

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் பார்த்தேன்.

"இங்கடா" என்றான் கஷியானோ. "படிச்சேன்."

"ம்."

"நல்லா எழுதியிருக்கே. ஒரு இடத்துல கூடச் சிரிப்பு வரலை."

"ஆறு தடவை எழுதினேன்."

"தெரியுது."

"யார் போட்டதுன்னு கேக்க மாட்டியா?"

"எனக்கு அன்னைக்கே தெரியும். சட்டியை அவன் கையிலதானே கொடுத்துட்டுப் போனேன்?"

"பின்ன ஏன்டா சொல்லலை?"

"சொல்லியிருந்தா அவனைப் பத்தி எழுதியிருப்பே. அந்த மார்ச்சுலதான் அவன் பெண்டாட்டியைப் புதைச்சோம்." குச்சியால் பீப்பாய் விளிம்பைத் தட்டினான். "ஞாபகம் இருக்கா உனக்கு?"

ஞாபகம் இல்லை. மாவுக் கட்டியின் அளவு ஞாபகம் இருக்கிறது.

"அப்புறம் எதுக்குடா பதினோரு வருஷம் தினமும் என் பக்கத்துல வந்து நின்னே? வீட்டுல இருந்திருக்கலாமே?"

"வராம இருந்தா? மாவு போட்டவன் மூஞ்சி காட்ட முடியாம ஓடிட்டான்னு எழுதியிருக்க மாட்டே?"

எழுதியிருப்பேன். முதல் வரிகூட இப்போதே வருகிறது.

"இனிமே அந்தக் கவலை இல்லை" என்றான் அவன். நிம்மதியாகச் சொன்னான். கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

முன்னால் முரசுத் தலைவனின் கோல் உயர்ந்தது. எல்லோரும் அடிக்க ஆரம்பித்தோம். நான் ஒரு தட்டு பிந்தினேன், கூட்டத்தில் கேட்டிருக்காது.

ஜனவரி 21

ஊர் தூங்குகிறது. உடையைத் துவைத்துப் போட்டேன். அன்செல்மோ ஃபோன் செய்தான். "பேசிட்டீங்களாமே! ஏன்டா, இதை முதல்லயே செஞ்சிருந்தா எனக்கு எவ்வளவு மிச்சம்!" என்று சிரித்தான், இருமினான். ஆமாம் என்றேன்.

ஜனவரி 22

ஏழு மணிக்கு முதல் கடை. எட்டு வரை நின்றேன். பிறகு நெகானே கடை.

"கஷியானோவா? ஆறரைக்கே வந்துட்டுப் போயிட்டானே, உர்கோ ஆளுங்களோட" என்றாள். "என்ன பேச்சு, என்ன சிரிப்பு! அந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதுய்யா." பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன்னையும் கூப்பிட்டிருப்பாங்க, மறந்திருப்பாங்க" என்றாள்.

அவள் நல்லவள். ஜமாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

ஜனவரி 23

ஏழு மணிக்குக் கிளம்பினேன். நான்கு கடைகளுக்கும் போனேன். ஏழு நாற்பதுக்கு வீட்டில் இருந்தேன்.